ஏழுக்கு நான்கு!

தோழனே!

"எந்த ஊர்?" என்று எவரேனும் கேட்டால் விடை சொல்ல உனக்கு எத்தனை நொடி வேண்டும்? ஒரே நொடி! திருவாரூர் என்பாய், தாராபுரம் என்பாய், வாடிப்பட்டி என்பாய். அத்துடன் நிறுத்துவாயா? மாட்டாய்! ஊர்ச் சந்தையின் சிறப்பைச் சொல்வாய், தெருமுனைப் படிப்பகத்தைச் சொல்வாய், அந்த ஊரில் எந்தத் தேர்தலில் எவர் எத்தனை வாக்கில் வென்றார் என்பதுவரை சொல்வாய்! கேட்டவர் தன் பேருந்தைத் தவறவிட்ட பிறகும் நீ விடமாட்டாய்!

அந்த ஒரு நொடிக் கேள்விக்கு விடை சொல்ல முடியாமல், முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக நாவடைத்து நிற்கிறது ஒரு மக்கட் கூட்டம். நீலகிரி மலையிலே, கோத்தகிரியிலே, கூடலூரிலே, பந்தலூரிலே நீ அவர்களைக் கண்டிருப்பாய். "சிலோன்காரர்" என்று அங்கே அவர்களுக்குப் பெயர். இலங்கைத் தேயிலை மலைகளில் இருந்தவரையில் வேறு பெயர்கள்: "இந்தியத் தமிழன்," "தோட்டக்காட்டான்," "கள்ளத்தோணி." அக்கரையிலே இந்தியன், இக்கரையிலே சிலோன்காரன்! கடல் மாறியதும் பட்டம் மாறியது. பட்டம் சுமந்த முதுகு மட்டும் மாறவில்லை.

இவர்களைப் பற்றி எழுதும் பேனா மன்னர்கள் சிலர் உண்டு. "பல பண்பாடுகளுக்கு இடையே வாழ்ந்து தம்மைத் தொலைத்துவிட்ட மக்கள், வேர்களைத் தேடி அலையும் உள்ளங்கள், இது ஓர் ஆன்மத் தேடல்" என்றெல்லாம் எழுதுவார்கள். எழுதிவிட்டு ஏலக்காய் மணக்கும் தேநீரை ஒரு மிடறு அருந்துவார்கள்.

தேடலாம், தேடல்! திருட்டுக் கொடுத்தவன் தெருவெல்லாம் புரண்டு அழுகிறான்; அவனைப் பார்த்து, "பாவம், எதையோ தேடுகிறான்" என்று இரக்கப்பட்டுவிட்டு நடந்துபோவது எவ்வளவு வசதி! திருடியவன் பெயரைச் சொல்ல வேண்டிய தொல்லை இல்லையே!

அந்தப் பெயர்களைத்தான் இன்று நான் சொல்லப்போகிறேன். இவர்கள் எதையும் தொலைக்கவில்லை, தோழனே. இவர்களிடமிருந்து பறித்தார்கள். பறித்தவை அரசுகள், பறித்த கருவி, காகிதம்.

பழங்கதையிலிருந்து தொடங்குவோம், ஆனால் விரைந்து கடப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி. வெள்ளைத் துரைமார் கண்டி மலைகளில் காப்பி பயிரிட்டார்கள். கூலிக்கு ஆள் வேண்டும். இங்கே திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களில் வறட்சி ஒருபுறம், வட்டி ஒருபுறம், சாதிக் கொடுமை மறுபுறம். கங்காணி வந்தான், கதை சொன்னான், முன்பணம் தந்தான். தலைமன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியே நடந்தார்கள். கொள்ளைநோயிலும் பசியிலும் வழிநெடுக விழுந்து மாண்டவர்கள் எத்தனை ஆயிரமோ! அந்த வழியிலேதான், இருநூறு ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து, 2023-ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மலையக மக்கள் நடந்தே சென்றார்கள். பாட்டன் எலும்பு கிடக்கும் பாதையைப் பேரன் அறிந்து வைத்திருக்கிறான். வேர் தெரியாத மக்களா இவர்கள்?

காப்பியை இலைநோய் அழித்தது. தேயிலை வந்தது. காப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் கைகள் வேண்டும். ஆகவே போய்வந்தவர்கள் தங்கிவிட்டார்கள். பத்தடிக்குப் பத்தடி அறைகள் வரிசையாய் அமைந்த "லயம்" அவர்களுக்கு வீடாயிற்று. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, கூடை சுமந்து, அட்டைக் கடியில் குருதி சிந்தி, உலகச் சந்தையில் இலங்கைக்கு ஒரு பெயரைத் தேடித் தந்தார்கள்.

நான் நாடகக்காரன் என்பதால் இந்த இடத்தில் சற்று நிற்கிறேன், பொறுத்துக்கொள். நம் ஊர்களில் பலவற்றில் அருகிப்போன காமன் கூத்தை மாசி மாதத்திலே லயத்து வாசலில் ஆடிக் காத்தவர்கள் அவர்கள். இரதியும் மதனும் வேடம் புனைந்து வீடு வீடாக வருவார்கள். ஊரே சேர்ந்து அழும், ஊரே சேர்ந்து சிரிக்கும். அந்தக் கூத்தை ஆடிய அதே நாவிலே சிங்களச் சொல்லும் சரளமாய்ப் புழங்கும். துரையின் ஆங்கிலமும் தமிழ் உடை உடுத்தி உலவும். தொடர்வண்டிக்கு அவர்கள் வைத்த பெயர் "கோச்சி." மூன்று பண்பாடும் ஒரு நாவில்! இதைக் குழப்பம் என்கிறார் பேனா மன்னர். பட்டணத்துப் பெரிய வீட்டுப் பிள்ளை நான்கு மொழி கலந்து பேசினால் அது நாகரிகம். லயத்துப் பிள்ளை பேசினால் அது அடையாளச் சிக்கலா?

சரி, பறித்த கதைக்கு வருவோம்.

1948 பிப்ரவரியில் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டம் எண் 18 வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாதாம்! உன் தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அதற்குச் சான்று வேண்டும்! பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத காலத்தில் கூலி லயத்தில் பிறந்தவனிடம் முப்பாட்டனின் பிறப்புச் சான்று! இதைக் கேட்ட அமைச்சர்களில் எத்தனை பேர் தம் முப்பாட்டனின் சான்றைக் காட்டியிருப்பார்கள்? அவர்களை எவரும் கேட்கவில்லை. சட்டம் எப்போதும் கேட்க வேண்டியவனை விட்டுவிட்டுக் கேட்கக்கூடியவனைத்தான் கேட்கிறது.

1949-இல் இன்னொரு சட்டம். இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் விண்ணப்பிக்கலாம் என்றது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. 1964 வரையில் குடியுரிமை கிடைத்தது ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவானோர்க்கே. அதே 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் தம் உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மலையகம், 1952 தேர்தலில் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. அடுத்து ஒருவரை வாக்குச் சீட்டால் அனுப்ப 1977 வரை காத்திருந்தது.

இந்த வஞ்சகத்துக்குத் துணைநின்ற கைகளில் தமிழ்க் கைகளும் இருந்தன என்பதை மறைப்பது நமக்கு அழகன்று. அதை எதிர்த்துக் கட்சியைவிட்டு வெளியேறிய செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைக் கண்டார். இன்று மலையகத்தானுக்கு வந்தது நாளை யாழ்ப்பாணத்தானுக்கும் வரும் என்று எச்சரித்தார். அந்த நாளை வர ஏழாண்டும் ஆகவில்லை. 1956-இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தது.

பத்து இலட்சம் பேர் எந்த நாட்டுக்கும் உரியர் அல்லர் என்ற நிலை. கொழும்பு சொன்னது: "இவர்கள் இந்தியர்கள், அழைத்துப் போ!" தில்லி சொன்னது: "இவர்கள் உன் நாட்டில் பிறந்தவர்கள், வைத்துக்கொள்!"

சாலமோன் மன்னன் கதை நினைவுக்கு வருகிறதா? ஒரு குழந்தைக்கு இரு பெண்கள் வழக்காடினார்கள். "என் பிள்ளை, என் பிள்ளை" என்றார்கள் இருவரும். "இரண்டாக வெட்டு" என்றான் மன்னன். பெற்றவள் பதறினாள், உண்மை வெளிப்பட்டது, வாள் உறைக்குள் போயிற்று. இங்கே நடந்த நாடகத்தைப் பார்! இருவருமே "என் பிள்ளை அன்று" என்றார்கள். பதற ஒருத்தியும் இல்லை. வாள் இறங்கியே விட்டது!

1964 அக்டோபர் 30. சிறிமாவோ பண்டாரநாயக்கரும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். நாடற்றோர் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது! ஏழு பேரை இந்தியா ஏற்றால் நான்கு பேரை இலங்கை ஏற்கும் என்பது கணக்கு. ஏழுக்கு நான்கு! மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழியைப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். இங்கே முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மிஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974-இல் இந்திரா அம்மையாரும் சிறிமாவோ அம்மையாரும் பாதிக்குப் பாதி பங்கிட்டுக்கொண்டார்கள். 75,000 உனக்கு, 75,000 எனக்கு. பாகப் பிரிவினை இனிதே முடிந்தது!

பிரிக்கப்பட்டவர்களை எவரேனும் கேட்டார்களா? விண்ணப்பம் கேட்டார்கள், விருப்பம் கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். கலவர அச்சமும் பசியும் இரு பக்கமும் நின்று கையைப் பிடித்து எழுதவைத்த விண்ணப்பத்துக்கு விருப்பம் என்று பெயரா? அண்ணனுக்கு இலங்கை கிடைத்தது. தங்கைக்கு இந்தியா கிடைத்தது. பெற்றோர் ஒரு கரை, மணமான மகள் மறுகரை. அட்டனிலும் தலவாக்கொல்லையிலும் நிலையங்களில் தலைமன்னாருக்குப் புறப்படும் வண்டியைப் பற்றிக்கொண்டு ஊரே கதறியது. அந்த வண்டியை மலையகம் இன்றும் "அழுகைக் கோச்சி" என்றே சொல்கிறது.

ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரம்கூட ஆகவில்லை. தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியது. பிறகு இராமேசுவரத்தில் கப்பல் வந்து நின்றது. அங்கிருந்து மண்டபம் முகாம். தோழனே, இந்த மண்டபத்தைச் சற்றே உற்றுப் பார். வெள்ளையன் காலத்தில் கூலிகளை இலங்கைக்கு ஏற்றுமுன் நோய் இருக்கிறதா என்று சோதித்துத் தடுத்துவைத்த இடம் அதுதான். ஒப்பந்தத்தால் திரும்பியவர்களை "தாயகம் திரும்பியோர்" என்று வரவேற்ற இடமும் அதுதான். 1983-க்குப் பின்னே குண்டுக்குத் தப்பிப் படகில் வந்தவர்களை "அகதி" என்று பதிந்த இடமும் அதுதான். பாட்டன் கூலி, மகன் தாயகம் திரும்பியோன், பேரன் அகதி. மூன்று தலைமுறைக்கும் ஒரே மண்டபம்!

நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படி வந்து சேர்ந்தார்கள். கொழுந்தெடுப்பது ஒன்றே அறிந்தவர்களுக்குக் கடை வைக்கக் கடன் கொடுத்து, கண்காணாத ஊருக்கு அனுப்பினார்கள். கடன் கரைந்தது, கடை மூடியது, மலை தேடி நடந்தார்கள். கொடைக்கானல் காடுகளில் ஒப்பந்தக்காரரிடம் சிக்கிக் கொத்தடிமை ஆனவர்களும் உண்டு. சில ஆயிரம் குடும்பங்களுக்கு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. 1968-இல் அவர்களுக்கென்றே தொடங்கிய அந்தத் தோட்டத்தின் நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கும் மேல் வனத்துறைக்கே திரும்பட்டும் என்று 2022-இல் ஆணை வந்தது. ஓய்வு பெற்றால் குடியிருப்பைவிட்டு வெளியேற வேண்டும் என்ற விதியின் கீழே வாழ்ந்து, பிறந்த மண்ணில் இல்லாத வீட்டை வந்த மண்ணிலும் காணாமல் முதுமை எய்தினார்கள்.

வேறு சிலர் கருநாடகத்தின் சுள்ளியா, புத்தூர் இரப்பர்த் தோட்டங்களுக்குப் போனார்கள். கேரளத்தின் புனலூருக்குப் போனார்கள். நிக்கோபாரின் கச்சால் தீவுவரை போனார்கள். சுள்ளியாவில் பிறந்த பிள்ளை பள்ளியில் கன்னடம் படிக்கிறான், தெருவில் துளு கேட்கிறான், வீட்டில் மலையகத் தமிழ் பேசுகிறான். அவன் பாட்டிக்குச் சிங்களம் தெரியும். இத்தனை மொழியையும் நெஞ்சில் இடம்கொடுத்து வாழவைத்த மக்களுக்கு, எந்த மொழிக்காரனும் முழு இடம் கொடுக்கவில்லை.

நாடகம் ஒன்றுக்காகக் கோத்தகிரிப் பக்கம் போயிருந்தபோது ஒரு மூதாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தேன். பதினேழு வயதில் கப்பல் ஏறியவர். அண்ணன் அக்கரையிலேயே நின்றுவிட்டாராம். "நீங்கள் எந்த ஊர் என்று சொல்லிக்கொள்வீர்கள், ஆத்தா?" என்று கேட்டேன். சிரித்தார். "அங்கே இருந்தா இந்தியாக்காரின்னாங்க. இங்கே வந்தா சிலோன்காரிங்கிறாங்க. கப்பல்லே வந்த அந்தச் சில மணி நேரந்தான் தம்பி, எங்களை யாரும் ஒண்ணும் சொல்லலே" என்றார்.

வசனம் எழுதிப் பிழைப்பவன் நான். அதற்கு மறுவசனம் எனக்கு வரவில்லை.

நீதி எந்த அளவுக்குத் தாமதிக்கும் என்பதையும் கேள். ஒப்பந்தப்படி இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றுவிட்டுக் கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் பலர். 1984-இல் போரினால் கப்பலே நின்றுபோயிற்று. கையில் இந்தியச் சீட்டு. கால் இலங்கை மண்ணில். 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் வந்த சட்டங்கள் வழியே இலங்கை ஒருவாறு மிச்சமிருந்தோர்க்குக் குடியுரிமை தந்தது. முதற் சட்டத்துக்கும் இறுதிச் சட்டத்துக்கும் இடையே 55 ஆண்டு! அதற்குள் இலங்கை மக்கள்தொகையில் 1946-இல் நூற்றுக்குப் பதினொருவருக்கும் மேலாக இருந்தோர், 2012 கணக்கில் நூற்றுக்கு நால்வராகச் சுருங்கிவிட்டார்கள்.

1977 கலவரத்தில் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்டு, வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடி, அங்கே போர் துரத்த, படகேறி வந்தார்களே, அவர்கள் கதைதான் இன்றும் எரிகிற நெருப்பு. தமிழ்நாட்டு முகாம்களில் சுமார் 58,000 பேர் வாழ்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் இந்த மலையகத்தார். பாட்டன் திருச்சிக்காரன், பேரன் திருச்சி கொட்டப்பட்டு முகாமில்! பாட்டன் ஊருக்குப் பேருந்துக் கட்டணம் சில பத்து ரூபாய், ஆனால் தில்லியின் ஏட்டில் பேரன் பெயர் "சட்டவிரோதக் குடியேறி."

எப்படிச் சட்டவிரோதம்? கடவுச்சீட்டு இல்லாமல் வந்தார்களாம்! ஊர் எரியும்போது தீயிடம் தவணை கேட்டு, தூதரக வாசலில் வரிசையில் நின்று, முத்திரை வாங்கிக்கொண்டு படகேற வேண்டுமாம்! சரி, வந்தவர் குற்றவாளி என்றே வைத்துக்கொள்வோம். இங்கே முகாமில் பிறந்த குழந்தை எந்தப் படகில் வந்தது? 1987 ஜூலை முதல் நாளுக்குப் பிறகு பிறந்தவர்க்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவர்க்கோ, பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றாலும் கதவு அடைபடும். 1948-இல் கொழும்பு கேட்ட அதே கேள்வி! "உன் தந்தை யார், உன் தந்தையின் தாள் எங்கே?" கொழும்பின் கையெழுத்தைப் பார்த்து எழுதிய தில்லி!

2019-இல் குடியுரிமைத் திருத்தம் கொண்டுவந்தார்கள். பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து கொடுமைக்கு அஞ்சி வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறித்தவர்க்குக் குடியுரிமை என்றார்கள். இசுலாமியரை விலக்கிய அந்தச் சட்டத்தின் அநீதியைப் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று வேறொன்று கேட்கிறேன். முகாமில் இருப்போரில் பெரும்பாலோர் உங்கள் ஏட்டின்படி இந்துக்கள்தாமே? ஆப்கானிஸ்தானத்துக்கு நீண்ட அன்புக்கரம் பாக் நீரிணையைத் தாண்டி நீளாததேன்? இந்துவாய் இருந்தும் போதவில்லை என்றால், குறை மதத்தில் இல்லை, மொழியில் இருக்கிறதா?

அதே 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளி முகாம்வாசிகள் 65 பேரின் வழக்கில், இவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளுடன் ஒன்றாக எண்ணலாகாது, இவர்கள் விண்ணப்பத்தை ஆராய்ந்து முடிவு செய்க என்று சொன்னது. 2025 மே மாதத்தில், வேறோர் ஈழத்தமிழர் வழக்கில், இந்தியா சத்திரம் அன்று என்னும் கருத்து உச்சநீதிமன்றத்தில் வாய்மொழியாக வெளிப்பட்டது. தலைவணங்கிச் சொல்கிறேன்: மலையகத்தான் சத்திரத்தில் திண்ணை கேட்கவில்லை. ஒப்பந்தம் போட்டு, எண்ணிக்கை எழுதி, "5,25,000 பேர் என்னவர்" என்று கையொப்பமிட்டது இந்தியப் பேரரசு. கையொப்பத்தைத்தான் நினைவூட்டுகிறான். 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிந்த இலங்கைத் தமிழர்க்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு என்று ஆணையிட்டார்கள். நல்லது, சிறைக்கு அனுப்ப மாட்டோம் என்கிறார்கள். வீட்டுக்குள் வா என்று எப்போது சொல்வார்கள்?

தில்லியைத் திட்டியதும் கைதட்டுவாய், எனக்குத் தெரியும். மேடையில் எத்தனையோ முறை அந்தக் கைதட்டலை வாங்கியவன் நான். இனி நம் வீட்டுப்பக்கம் திரும்புவோம். கணியன் பூங்குன்றனை முழங்காத கூட்டம் உண்டா நம்மிடம்? அதே கூட்டம் முடிந்து திரும்புகையில், "அந்தச் சிலோன்காரன் கடையில் டீ சாப்பிடுவோமா?" என்கிறான் நம்மவன். ஐம்பது ஆண்டுக்கு முன் வந்தவன் மகனும் சிலோன்காரன், பேரனும் சிலோன்காரன்! சாதிச் சான்றுக்குப் போனால், பூர்வீக ஊர் எது, அங்கே உறவினர் யார், அவர் சான்று எங்கே என்று ஏழைப் பெண்ணை அலைக்கழிக்கும் நாற்காலியில் இருப்பவர் சிங்களவர் அல்லர், இந்திக்காரர் அல்லர்; நம் ஊர்க்காரர். சான்று இல்லாமல் கல்லூரி இடத்தை இழந்த பிள்ளையிடம் நம் இனப்பெருமை எந்த முகத்தோடு பேசும்?

2021-இல் "அகதிகள் முகாம்" என்ற பெயரைத் தமிழ்நாடு அரசு "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என மாற்றியது. சொல் மாறியது நன்று. சொல்லின் வலிமையை நாம் அறிவோம். ஆனால் மலையகத்தானைப் பொறுத்தவரை அந்தப் புதிய பலகையிலும் அவன் "இலங்கைத் தமிழன்" என்றே நிற்கிறான். இந்திய வம்சாவளி என்று தனியே கணக்கெடுத்து, தனியே பட்டியலிட்டு, 1964, 1974 ஒப்பந்தங்களின் பெயரால் தில்லியின் கதவைத் தட்ட வேண்டிய பட்டியல் அது.

அந்தப் பட்டியலுக்கு ஆள் வேண்டும், தோழனே. முகாம்களுக்குப் பொங்கலன்று கரும்பும் வேட்டியும் கொண்டுபோகிறாய், கொண்டு போ. அதனுடன் ஒரு கோடிட்ட ஏடும் கொண்டு போ. பாட்டன் புறப்பட்ட ஊர், இலங்கையில் இருந்த தோட்டத்தின் பெயர், தந்தை பெயர், ஒப்பந்தத்தின் கீழ் விண்ணப்பித்த ஆண்டு, கடவுச்சீட்டோ குடும்ப அட்டையோ இருந்தால் அதன் எண் – இவ்வளவையும் கேட்டு எழுது. தகரப் பெட்டிகளில், பாலித்தீன் உறைகளில், மடித்த இடம் கிழிந்து அந்தத் தாள்கள் கிடக்கின்றன. படித்துச் சொல்லக்கூடிய முதியவர்கள் ஆண்டுக்காண்டு குறைகிறார்கள். எழுதியதன் ஒரு படியை அவர்களிடம் கொடுத்துவிட்டு, மறுபடியை மாவட்ட அலுவலகத்தில் சேர்த்துவிடு. வழக்கறிஞர் தோழர்கள் அங்கே காத்திருப்பார்கள்.